வெந்நீர் கொதிக்கும் நேரம்

"சட்டைக் கையைக் கொஞ்சம் மேல ஏத்துங்கக்கா" என்றாள் நர்ஸ்.

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"இடது கையில பாருங்க சிஸ்டர். வலது கையில பிள்ளையைப் பிடிச்சிருக்கா" என்றேன்.

சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம் இருந்தால் அதிகம். வியர்வையோடு மாடிப்படி ஏறி வந்தவள், மின்விசிறிக்கு அடியில்கூட உட்காராமல் நேராகக் கட்டிலருகே வந்துவிட்டாள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இடது கையில் சுற்றினாள்.

கருவியில் தெரிந்த எண்ணை நானும் எட்டிப் பார்த்தேன். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆனவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.



முப்பத்தோரு வருடம் நானும் இதே பையைத் தூக்கிக்கொண்டு இதே மாதிரிப் படிகளில் ஏறியவள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். சொல்ல வேண்டாம் என்று நேற்றே முடிவு செய்திருந்தேன்.

பிள்ளையைத் துணியில் கிடத்தித் தராசில் மாட்டினாள்.

"மூணு கிலோ நானூறு. நல்லா ஏறியிருக்கான். அப்பா சாயலா?"

"சாயலா? உரிச்சு வச்சிருக்கான் சிஸ்டர். பால் ஒரு நிமிஷம் தாமதமானா போதும், கையை முறுக்கிக்கிட்டு ஒரு கத்து. மூக்குக்கு மேல கோபம்."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். மருமகள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். காலையில் நான் எடுத்துக் கொடுத்த முழுக்கைச் சட்டை. இந்தப் புழுக்கத்துக்கு முழுக்கை எதற்கு என்று கேட்டால், முன்பக்கம் பொத்தான் இருக்கிறது, பால் கொடுக்க வசதி என்று சொல்ல வைத்திருந்தேன். நர்ஸ் கேட்கவில்லை.

கேள்விகள் தொடங்கின.

"தூக்கமெல்லாம் எப்படி?"

"பிள்ளை தூங்கறப்போ இவளும் தூங்கிடுவா."

"சாப்பாடு?"

"நேரம் தவற விடமாட்டேன் நான்."

"அழுகை ஏதாவது வருதா?"

"யாருக்கு, பிள்ளைக்கா இவளுக்கா?"

இதற்கு அவள் சிரிக்கவில்லை. பேனாவை அட்டையின் மேல் படுக்கவைத்தாள்.

"அம்மா, கை கழுவக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

அவள் பையின் ஓரத்தில் கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினிப் புட்டி தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் புட்டி. இருந்தும் வெந்நீர் கேட்கிறாள்.

இந்தத் தந்திரத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று இப்போது வேலையில் இருக்கும் எந்த நர்ஸுக்கும் தெரிந்திருக்காது. நர்ஸ்கள் கூட்டம் ஒன்றில் நான்தான் எழுந்து சொன்னேன். கூட இருப்பவர்களை வெளியே போகச் சொன்னால் போகமாட்டார்கள். வெந்நீர் கேளுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீர் சூடாக நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் ஒரு பெண் தன் கல்யாணம் முழுவதையும் சொல்லிவிடுவாள்.

சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி பேசவே இல்லை, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காயத்தைக் காட்டினாள், அவ்வளவுதான். அவளுடைய மாமியார் சமையலறையில் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தபடி நின்றிருந்தாள், பாவம், அடுப்பை வேறு கூட்டி வைத்து. அவள் கிண்ணத்தோடு திரும்பியபோது நான் அட்டையில் எழுதி முடித்திருந்தேன்.

எத்தனை பெண்களைக் கைப்பிள்ளையோடு தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். எத்தனை மகன்களைக் காவல் நிலையப் படி ஏற்றியிருக்கிறேன். ஒரு நாளும் தயங்கியதில்லை.

அவர்களெல்லாம் யாரோ பெற்ற மகன்கள்.

நர்ஸ் காத்திருந்தாள். மருமகளும் நிமிர்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை இந்தப் பன்னிரண்டு நாளில் நான் பார்க்கவில்லை. "அத்தை, இன்னைக்கு நர்ஸ் வருவாங்கல்ல?" என்று காலையில் இரண்டு தடவை கேட்டிருந்தாள். மகன் வேலைக்குக் கிளம்பும்வரை கேட்கவில்லை. அவன் போய்க் கதவு சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"இதோ" என்று எழுந்தேன்.

மருமகளின் உதடு பிரிந்தது.

நான் சமையலறைப் பக்கம் போகவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தேன். கிண்ணத்தை எடுத்தேன். சோப்பு, துண்டு. எல்லாம் காலையிலேயே வைத்தது. கை பொறுக்கும் பதத்தில் விளாவி ஊற்றி வைத்திருந்தேன், பச்சைத் தண்ணீர் எடுக்கக்கூட எழுந்து போக வேண்டாம் என்று.

"இந்தாங்க சிஸ்டர். இங்கேயே கழுவிக்குங்க."

நர்ஸ் ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அடுத்து என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

அவள் கை கழுவினாள்.

மருமகள் வலது பக்கச் சட்டைக் கையை மணிக்கட்டு தாண்டி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கையை மூடிக்கொள் என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லியிருந்தேன். இப்போது நான் சொல்லவில்லை.