விளிம்புக்கு வெளியே

கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். கைபேசியில் 'சமர்ப்பி' பொத்தானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரையின் விளிம்புக்குக் கீழே, வெளியில் மாட்டிக்கொண்டு அது தவித்தது. மேலே, விண்ணப்பத்தை நிரப்பி முடித்த மரகதவல்லியின் விரல் திரையைத் தேய்தேய் என்று தேய்த்தது. பக்கம் நகரவே இல்லை.

அதே விண்ணப்பத்தின் கணினிப் பக்கத்தில் ஜம்மென்று நின்ற அண்ணன் பொத்தானிடம் அது கத்தியது. "அண்ணே, நம்மள வரைஞ்சவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இங்க நான் யாருக்குமே தெரியல!"

"கோவிச்சுக்காதடா தம்பி. அவரோட பெரிய திரையில எல்லாம் பளிச்சுனுதான் தெரிஞ்சுது. கைபேசியிலேருந்து ஒரு புகார்கூட வரலைன்னு அங்க கேக் வெட்டிக்கிட்டு இருக்காங்க."

"எப்படிண்ணே வரும்? புகார் பொத்தான் எனக்கும் கீழதானே நிக்குது!"