எல்லார் வீட்டிலும் கிளி

பழைய மாயாஜால நாவல் ஒன்று படமாகி வந்ததும் எங்கள் குடியிருப்பே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டது. இப்போதெல்லாம் படத்துக்கு நடிகர்கள் ஏது? பார்க்கிறவர் மனதில் உள்ள முகங்களையே அது எடுத்துக்கொள்கிறது. முடிவும் அவரவர் ஆசைப்படிதான்.

மூன்றாம் மாடி பூமயிலுக்கு, யார் வீட்டில் யார் ராட்சசன் என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. உறைமோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு கிளம்பினாள்.

"ராட்சசன் எங்க மாமனார்," என்று சிரித்தாள் எதிர்வீட்டு எஸ்தர். "கிளி நீங்கதான்க்கா!"

ராட்சசனின் உயிர் இருக்கிற கிளி அது. ஓயாமல் பேசும். கடைசியில் அதன் கழுத்தைத் திருகினால்தான் அவன் சாவான். அடுத்தடுத்த வீடுகளிலும் கிளி பூமயிலேதான். ஒரு வீட்டில் திருகும்போது கைதட்டினார்களாம்.

மிச்சமிருந்தது சொந்த வீடு. மருமகள் நிறைமதி போனில் அழுததை இவள் மாடி மாடியாகப் போய்ச் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இங்கே கழுத்தோடு விடுவாளா? பூமயில் கதவோரம் நின்று எட்டிப்பார்த்தாள்.

திரையில் நிறைமதிதான் இளவரசி. கூண்டைத் திறந்து கிளியைக் கையில் எடுத்தாள். பூமயில் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். இளவரசியோ கிளியின் தலையைக் கோதிப் பறக்கவிட்டுவிட்டாள்.

"அப்போ ராட்சசன் சாகலையா? யாருடி அவன்?" பூமயிலுக்கு வாய் நிற்கவில்லை.

"உங்க புள்ளதான் அத்தை. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

இருவரும் சிரித்த சிரிப்பு எஸ்தருக்கே கேட்டது. என்ன சங்கதி என்று ஓடிவந்து கேட்டாள். பூமயில் கிண்ணத்தைப் பார்த்தபடி, "ஒண்ணுமில்ல, பால் உறைஞ்சுதான்னு பாத்தோம்," என்றாள்.