மன்னரின் இடுப்பெலும்பு

பல்கலைக்கழகத்தின் தொல்லியல், உலகப் பண்பாட்டு அருங்காட்சியகத்தைத் திறப்பதற்கு முந்தின நாள், இயக்குநர் பூவலிங்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த எலும்புக்கூட்டின் தலைமாட்டில் ‘பழந்தமிழ் மன்னர்’ என்ற பலகையை வைத்தார். அந்த எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்த பேராசிரியர் எமரன்சியா பதறிப்போனார்.

“சார், இது பொம்பளை. இடுப்பெலும்பைப் பாத்தாலே தெரியுது. மண்டி போட்டு மாவரைச்சே முட்டி தேஞ்சு போயிருக்கு.”

“மாவரைச்சவளைப் பாக்க மந்திரி வருவாரா மேடம்?” என்றார் பூவலிங்கம்.

மந்திரி வந்தார். பெட்டிக்கு மாலை சாத்தி, மன்னரின் நெற்றி தன் தாத்தாவின் நெற்றி மாதிரியே இருக்கிறது என்று கண்கலங்கினார். மறுநாள் அவருடைய சாதிச் சங்கம் மேளதாளத்தோடு வந்து தங்கள் மன்னரை வணங்கியது. அடுத்த வாரமே இன்னொரு சாதிச் சங்கம் வந்து, மன்னர் எங்கள் ஆள் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டதில் கண்ணாடி உடைந்தது. மன்னரின் விரலெலும்பு ஒன்றை யாரோ பக்தியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இனியாவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று நம்பி எமரன்சியா இயக்குநரின் அறைக்குப் போனார். பூவலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“மேடம், அந்தக் குழியிலயே இன்னொரு மன்னர் கிடைக்க மாட்டாரா?”

எமரன்சியா குத்தலாகக் கேட்டார், “ரெண்டு சாதிக்காரங்களும் ஒரே குழியில கிடப்பாங்களா சார்?”

பூவலிங்கம் மோவாயைத் தடவியபடி சற்று யோசித்தார்.

“அதுவும் சரிதான். தள்ளியே தோண்டுங்க.”