மீன் காட்டும் பெட்டி

"உங்க வேலை லட்சணம் இதுதானா பாய்?"

பெரியண்ணன் போட்ட சத்தத்தில், காவிரிக்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் கலீமுக்கு முகம் சுண்டிப்போனது. தண்ணீருக்கடியில் மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் பெட்டி அது. பெரியண்ணன் படகில் மட்டும்தான் இருந்தது. போன வாரம்தான் கலீம் அதற்கு வயர் மாற்றியிருந்தார்; இன்று திரை எரியவில்லை.

"எலி கடிச்சிருக்கும்ங்க."

"எலியாம் எலி! இவரை நம்புனா என் பொழப்பு நாறிடும்!"

மற்றவர்கள் சிரித்தபடி படகுகளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். கலீம் வயரை உருவிப் பார்த்தார். பிளேடால் நறுக்கிய மாதிரி இருந்தது.

"யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க!"

"மெதுவாப் பேசுங்க பாய். நாந்தான் அறுத்தேன்." பெரியண்ணன் குழைந்தார். "பெட்டி ஓடுதுன்னு தெரிஞ்சா எல்லாப் படகும் என் பின்னாடியே வந்து வலை போடுது. கெட்டுப்போச்சுன்னா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். சத்தமில்லாம சரிபண்ணிட்டுப் போங்க."

"அதுக்கு என் பேரு கெடணுமா?"

பெரியண்ணன் பல்லைக் காட்டினார். கலீம் வயரை இணைத்தார். திரை பளிச்சென்று எரிந்தது. பெரியண்ணன் குஷியாகப் படகை நடு ஆற்றுக்கு விட்டார்.

கலீம் கரையில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே! பெட்டி சூப்பரா ஓடுது! இனிமே கெடவே கெடாது, நான் கேரண்டி!"

ஆற்றிலிருந்த படகுகள் எல்லாம் பெரியண்ணன் பக்கம் திரும்பின.