பெயர் வெட்டிய டம்ளர்

தண்டலம் சாலையில் லாரி ஒன்று கடக்க, ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி சுழல்கிறது. காசநோயில் மெலிந்த வேதமுத்து கண் விழிக்கிறார். நோய் மனைவிக்குத் தொற்றக் கூடாதென்று தம் பெயரை வெட்டித் தனியே ஒதுக்கிய டம்ளரில், அவர் மிச்சம் வைத்த கஞ்சியைச் சவரியம்மாள் குடித்துக்கொண்டிருக்கிறாள். கொக்கை நம்பிப் போன மீன், பாறையில் மற்ற மீன்களின் முட்களைக் கண்டதுபோல அவளைப் பார்க்கிறார். "மாதா மேல சத்தியம் பண்ணியே, சவரி. தெனமும் இதான் பண்ணிகினு கீறியா?" "எழுத்து இன்னா தெரியும் எனக்கு? எல்லா டம்ளரும் ஒண்ணுதான்." அவர் சிரிக்கவில்லை. "நீயாவது தப்பிச்சுக்குவேன்னு நம்பிகினு இருந்தேன்." பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு இருமல் வருகிறது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த ஒலி அவருக்கு நன்றாகத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.