கை நனைக்கும் வீடு

தாம்பாளத்தில் பழமும் பூவும் ஏந்திக் கீரப்பாளையத்து வீட்டுக்குள் நுழைந்ததுமே முத்தம்மாள் அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள். மகள் எழிலரசி பின்னாலேயே வந்தாள். ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த வீடாவது அமைய வேண்டும்.

“மழைக்கு ஒழுவுமா?” முத்தம்மாள் நேராகவே கேட்டாள்.

வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் சிரித்தார். “ஒரு சொட்டு எறங்காது. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாம்.”

“நீங்க சம்மதம் சொல்லாம நாங்க கை நனைக்க மாட்டோம்.”

“பொண்ணு என்ன படிச்சிருக்கு?” அவர் மனைவி தில்லையம்மாள் கேட்டாள்.

“எம்.எஸ்சி. எங்க தெருவுலயே மொத டிகிரி.”

“வாயும் ஜாஸ்தியோ?”

“ஜாஸ்திதான் அத்தை,” என்றாள் எழிலரசி. “பின்னாடி சங்கடப்படக் கூடாதுன்னு இப்பவே சொல்லிடறேன். எங்க சமையல்ல கருவாடு மணக்கும். கொல்லப்பக்கமா வரச் சொன்னா வர மாட்டோம், முன்வாசல் வழியாத்தான் வருவோம். தனி டம்ளர் வெச்சா தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். சம்மதமா?”

தில்லையம்மாள் கணவனைப் பார்க்கவில்லை. எழிலரசியைத்தான் பார்த்தாள்.

“கருவாடுன்னா எனக்கும் உசுரு. எப்ப வர்றீங்க?”

எழிலரசி முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

“கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனதும் வந்துடுவோம், அத்தை. மொத்தம் ஒம்போது பேரு, புயல் ஓயற வரைக்கும் தங்குவோம். போன புயலுக்கு முகாம்னு சொல்லி, பூட்டுன பள்ளிக்கூடத்து வராண்டாவுல நனைய விட்டாங்க. அதான் எங்க கடலோரத் தெருவுல வீட்டுக்கு ஒரு வீடுன்னு இந்தப் பக்கத்து ஊருங்கள்ல நானே பேசி வெக்கிறேன். மத்தவங்களுக்கெல்லாம் அமைஞ்சிடுச்சு. என் வாய்க்குத்தான் இவ்ளோ நாளாச்சு.”

முத்தம்மாள் தாம்பாளத்தை நீட்டினாள்.

“இலையப் போடுங்க சம்பந்தி.”