துண்டுக்குள் ஐந்து விரல்

"ஏனுங்க பாய், இந்த மாட்டுக்கு இத்தனை வெலையா? அநியாயமுங்க! கொறைச்சுக் கேளுங்க!"

கோபிசெட்டிபாளையம் மாட்டுச் சந்தையில் இப்படிக் கூச்சல் போட்டது மாடு வாங்க வந்தவர் இல்லை. விற்க வந்த சென்னிமலை. பக்கத்தில் நின்ற அவருடைய சிநேகிதர் பாலுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். பாடுபட்டுப் போட்ட திட்டம் இந்த மனுஷனின் நேர்மையால் பாழாகிவிடும் போலிருந்தது.

சென்னிமலைக்கு நீரிழிவு. சீமையிலிருந்து வரும் இன்சுலின் ஊசியைத் தினமும் போட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் அடுத்த பொங்கலைப் பார்ப்பது சந்தேகம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தோ யானை விலை, குதிரை விலை. போன வருஷம் வீடு தேடி வந்த இன்சூரன்சு ஏஜெண்டைக்கூட, "செத்தாத்தான் காசுன்னா, அதை வச்சு நான் என்னங்க பண்றது?" என்று மோர் கொடுத்து அனுப்பிவைத்தவர் சென்னிமலை.

பாலுசாமி சும்மா இருக்கவில்லை. சிநேகிதர்களிடமெல்லாம் பணம் திரட்டிக் கொண்டுபோய் நீட்டினார். சென்னிமலை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஊடு தேடி வந்தாலும் பிச்சை பிச்சைதானப்பா. என்ற மாட்டை வித்துப் பாத்துக்கறேன். எடுத்துக்கிட்டுப் போ."

அந்த மாடுகள் இரண்டும் கிழடு. விற்ற காசு பாதி வருஷ ஊசிக்குத்தான் காணும். மாடும் போய் மனுஷனும் போவதா? பாலுசாமி நேராகத் தரகர் உமர் பாரூக்கிடம் போனார்.

மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் முதலில் தன் தரகைப் பேசிக்கொள்வார்; பிறகு கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலைப் பேச்சு. விரலுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. திரட்டிய பணத்தைக் கொடுத்து ஒரு ஆளை மாடு வாங்க அனுப்பினால், கிழட்டு மாட்டுக்கு என்ன விலை கொடுத்தாலும் சந்தையில் ஒருவருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போதே சம்பந்தியிடம் தரகு கேட்டவர் என்று உமர் பாரூக்கைச் சந்தையில் கேலி செய்வார்கள். அவரே விஷயத்தைக் கேட்டதும் உருகிப்போனார். "எங்கிட்ட உடுங்க கவுண்டரே" என்றார்.

இன்றைக்குச் சந்தைக்கு வந்ததும் வராததுமாகப் பாய் துண்டை விரித்துவிட்டார். வாங்குகிற ஆளாக வந்தவர் பீளமேட்டு மில்லில் வேலை பார்க்கும் கோவிந்தராஜுலு நாயுடு. பைக்காரா அணையிலிருந்து வரும் கரண்டில் ஓடும் மிஷினைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வார். மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதோடு அவருடைய மாட்டு ஞானம் முடிந்தது.

பாய் துண்டுக்குள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். சென்னிமலை மூன்றை வெடுக்கென்று மடக்கினார். பாய் நிமிர்த்தினார். இவர் மறுபடி மடக்கினார். உள்ளே ஓணான் புகுந்ததுபோல் துண்டு துள்ளியது.

"பாய், வெரல் சுளுக்கிக்கப் போகுதுங்க! மடக்குனதை ஏனுங்க நிமித்தறீங்க?"

"அவரு குடுக்கறாருங்க கவுண்டரே, வாங்கிக்குங்க!"

சென்னிமலை கோவிந்தராஜுலு பக்கம் திரும்பினார். "நாயுடு, பல்லைப் பாத்தீங்களா?"

கோவிந்தராஜுலு திடுக்கிட்டுத் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மாட்டுப் பல்லைச் சொன்னேனுங்க. தேஞ்சுபோச்சு."

"புல்லுத்தானுங்களே திங்கும்? போதுமுங்க."

"எடது மாடு நொண்டும்."

"பரவாயில்லீங்க, நானும் மெதுவாத்தான் நடப்பேன்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலுசாமி பாய்க்குக் கண்ணைக் காட்டினார். கடைசியில் ஒரு வழியாக நாலு விரலுக்கு விலை திகைந்தது. ஒரு வருஷ ஊசிக்கு அது போதும். பாலுசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பணம் கைமாறியதும், பாலுசாமி சொல்லிக்கொடுத்திருந்த பாடத்தைக் கோவிந்தராஜுலு ஒப்பித்தார். "மாடு கட்டறதுக்கு எங்க ஊட்டுல எடமில்லீங்க. கொட்டகை போடற வரைக்கும் உங்ககிட்டயே நிக்கட்டும். வண்டியில பூட்டி ஓட்டிக்கிட்டே இருங்க, இல்லாட்டி சோம்பேறியாப் போயிரும்."

"கொட்டகை எப்பப் போடுவீங்க?"

இது பாடத்தில் இல்லை. கோவிந்தராஜுலு பாலுசாமியைப் பார்த்து விழித்தார். "அது... ஒரு நாலஞ்சு வருசம் ஆகுமுங்க."

விற்ற மாடுகளையே வண்டியில் பூட்டிக்கொண்டு இருவரும் ஊர் திரும்பினார்கள். பாலுசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உன்ற அதிர்ஷ்டம் பாத்தியா? நல்ல ஏமாளியா வந்து மாட்டுனான்!"

சென்னிமலை செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"ஏப்பா பாலு, நாயுடு மடியில ஒரு வெரல் பணம் மிச்சமிருக்கும். அதுல பாய்க்குத் தரகைக் குடுத்துபோடு."

பாலுசாமி கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். "உ... உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை பாடுபட்டு ஏமாத்த வந்தவங்ககிட்ட ஏமாறாமப் போனா நல்லாவா இருக்கும்?" என்ற சென்னிமலை, மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "பெத்த மக கல்யாணத்துக்கே தரகு கேட்ட மனுசன், எங்கிட்டத் தரகு பேசாமத் துண்டை விரிச்சாரு பாரு, அப்பவே எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துபோச்சு, அதை மறைக்கத்தானப்பா வெலையைக் கொறைன்னு அத்தனை சண்டை போட்டேன்!"